சிவப்பு மட்டும்தான் என்பது தவறு

"பறவைகள் சிவப்புப் பழத்தை மட்டும்தான் கொத்தும், கொய்யாவுக்குப் பாதுகாப்பு வேண்டாம்" என்று யாராவது சொல்வதை நம்பி மரத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். சிவந்த ஆலம்பழத்தைத் தின்னும் அதே குயில் மஞ்சள் வேப்பம்பழத்தையும் விழுங்கும். உண்ணிச்செடியில் கொண்டைக்குருவி பச்சைக் காய்களைத் தாண்டிப் போய்க் கறுத்த பழத்தைத்தான் எடுக்கும். இலைப் பச்சைக்கு நடுவே சிவப்பும் கறுப்பும் தூரத்திலேயே எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். நம் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் 3 வகை. பெரும்பாலான பறவைகளுக்கு 4. நமக்குத் தெரியாத புற ஊதாவும் அவற்றுக்குத் தெரியும்.

கிளி கதையே வேறு. விதைக்காகக் காயையே குடையும், நிறம் மாறக் காத்திராது. அதனால் கொய்யா எலுமிச்சை அளவில் பச்சையாக இருக்கும்போதே துணிப்பை கட்டிவிடுங்கள். வலை போட்டால் இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் பறவை கால் சிக்கிச் செத்துப்போகும்.