கெட்டிலைப் பிடுங்கியாயிற்று, இனி பூமி பிழைத்துக்கொள்ளும்

வியாழக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் கெட்டிலைப் பிடுங்கிவிட்டார்கள் என்று முந்தாநாள் போட்ட இரண்டு வரிக்கே இன்பாக்ஸில் இத்தனை பேர் வந்துவிட்டீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

நான் டெக்னீஷியனாக இருக்கும் மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று முதலில் எழுதிக் கொடுத்ததே நான்தான். இரவு 9 மணிக்கு மேல் யாரும் வந்து படுக்காத இரண்டாவது சி.டி. ஸ்கேன் மெஷினை எதற்கு விடிய விடிய ஸ்டாண்ட்பையில் வைத்திருக்கிறோம் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை, மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கைதான் வந்தது. அப்புறம் ஆள் வந்து, இரவுப் பணிக்காரர்கள் தேநீர் போடும் கெட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

1.5 கிலோவாட் கெட்டில் 3 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பக்கத்து அறையில் சி.டி. சும்மா கிடந்து மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

நானாகச் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 3 சி.டி., 4 எம்.ஆர்.ஐ. மெஷின்களின் ஓராண்டு மின்செலவை அளந்து, 2020-இல் வெளியிட்டார்கள். குளிரூட்டலையும் சேர்த்து ஏறத்தாழ 11 லட்சம் யூனிட். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு, மெஷின்களைக் குளிர்விக்க மட்டுமே. சி.டி. இழுத்ததில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, ஸ்கேன் எதுவும் நடக்காத நேரத்தில் போனது. மறுபடி படியுங்கள்: ஸ்கேன் எதுவும் நடக்காத நேரத்தில்.

"எம்.ஆர்.ஐ.யை அணைத்தால் ஹீலியம் போய்விடுமே" என்று உடனே ஒருவர் வருவார். அந்த ஹீலியம் குளிரவைக்கும் காந்தத்தை யார் அணைக்கச் சொன்னது? திரவ ஹீலியத்தை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்கும் கம்ப்ரஸர் 24 மணி நேரமும் ஓடத்தான் வேண்டும். அணைக்கச் சொல்வது மற்ற மின்னணு அடுக்குகளை. அதற்கென்று மெனுவிலேயே வழி இருக்கிறது.

அவசர நோயாளி வந்தால்? ஐயா, இரண்டாவது மெஷின் என்றுதானே எழுதினேன். முதலாவது தயாராகவே இருக்கும்.

தினமும் அணைத்து அணைத்துப் போட்டால் மெஷின் கெட்டுவிடும் என்கிற வாதம் இருக்கிறதே, அதுதான் எனக்கு வலிக்கும் இடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீனியர் சொல்லித்தான் ஒரு சனிக்கிழமை இரவு சி.டி.யை முறைப்படி அணைத்துவிட்டுப் போனேன். திங்கள் காலை அது எழவில்லை. சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்த்து, யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போயிருக்கிறது என்றார். அதற்குள் என்னிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கியாயிற்று. அந்தக் கடிதத்தை யாரும் திருப்பித் தரவில்லை. சொன்ன சீனியரும் வாயைத் திறக்கவில்லை. கணினியைத் தினம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பல சி.டி. கையேடுகளிலேயே இருக்கிறது. காலையில் எக்ஸ்-ரே டியூபைச் சூடாக்கி, ஏர் கேலிப்ரேஷன் (ஆள் இல்லாமல் வெறுமனே ஓட்டி அளவைச் சரிபார்ப்பது) முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதைச் செய்யப்போவது நாங்கள்தானே? அலுத்துக்கொண்டோமா?

பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. எடுக்கத் தேவையில்லாத ஸ்கேனை எடுக்காமல் இருப்பது. பழைய படம் சர்வரில் இருக்கும்போதே, தேடச் சோம்பல்பட்டு அதே தலையை மறுபடி எடுக்கச் சொல்கிறார்களே, அதற்கு ஒரு சுற்றறிக்கை போடுங்கள் பார்ப்போம். போட மாட்டீர்கள். எழுதிக் கொடுப்பவர் டாக்டர், எடுப்பவர் வெறும் டெக்னீஷியன். அறிவுரை எப்போதும் கீழ்நோக்கித்தான் வழியும்.

"ஒரு கெட்டிலுக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று சிரிக்கலாம். சிரியுங்கள். வியாழக்கிழமை கூட்டத்தில் நான் சி.டி. என்று ஆரம்பித்ததும், "அதெல்லாம் உங்கள் வேலை இல்லை" என்று மேலே இருப்பவர்கள் சொன்னபோதும் நான்கைந்து பேர் அப்படித்தான் சிரித்தார்கள். ராத்திரி முழுக்க அந்த மெஷினின் விசிறிச் சத்தத்தோடு உட்கார்ந்திருப்பவர்களின் வேலை இல்லையாம்.

இன்னொன்று. அந்தக் கெட்டில் மருத்துவமனையுடையது இல்லை. நாங்கள் ஆறு பேர் காசு போட்டு வாங்கியது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றாவது சொல்லுங்கள்.