ஸ்டிக்கருக்குக் கீழே

(திருகோணமலை மத்திய வீதியில் ஓர் அழகுசாதனக் கடை. பிற்பகல் இரண்டு மணி. மின்விசிறி சுற்றுகிறது, காற்றைத்தான் காணவில்லை.)

அன்ரி: தம்பி, இந்த விலை ஸ்டிக்கரைக் கொஞ்சம் உரித்துத் தாருங்கள்.

தம்பி: விலை சரிதான் அன்ரி. 1,850 ரூபாய்.

அன்ரி: விலை தெரிகிறது. அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

தம்பி: அங்கே ஒன்றுமில்லை அன்ரி. பொடி எழுத்து.

அன்ரி: அந்தப் பொடி எழுத்தை வாசிக்கத்தான் இதைக் கொண்டுவந்தேன்.

(கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி வெளியே வருகிறது. பின்னாலேயே நான்காக மடித்த ஒரு தாள், ஒரு பேனை. அன்ரி நகத்தால் சுரண்டத் தொடங்குகிறார். இந்த ஸ்டிக்கர்களுக்கு ஒரு குணம் உண்டு. அட்டையில் எவ்வளவு வெற்றிடம் இருந்தாலும், எழுத்து இருக்கும் இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். உரித்தால் பாதி வரும். மீதி வெள்ளைத் தோலாக நின்று நகத்தின் இடுக்கில் சுருளும்.)

தம்பி: (குரல் மாறி) மேடம், கதிரை போடட்டுமா?

அன்ரி: இப்போதுதானே அன்ரி என்றீர்கள்?

தம்பி: சோடா குடிக்கிறீர்களா மேடம்? முதலாளி கிண்ணியாவுக்குப் போயிருக்கிறார். பில் புத்தகமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

அன்ரி: பில் புத்தகத்தையா நான் முகத்தில் பூசப் போகிறேன்? அட்டையின் முன்பக்கத்தில் என்ன இருக்கிறது, வாசியுங்கள்.

தம்பி: "குங்குமப்பூவும் சந்தனமும் நிறைந்தது."

அன்ரி: இப்போது பின்பக்கம். முதலாவது சொல்.

தம்பி: அக்குவா. நல்ல சாமான் போலிருக்கிறது மேடம், வெளிநாட்டுச் சரக்கு.

அன்ரி: தண்ணீர்.

தம்பி: இதோ, போத்தலில் இருக்கிறது மேடம், குடியுங்கள்.

அன்ரி: குடிக்கக் கேட்கவில்லை. அக்குவா என்றால் தண்ணீர். எது எடையில் கூடவோ அதை முதலில் எழுத வேண்டும். அப்படியே இறங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு வீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் கடைசியில் விருப்பப்படி எழுதலாம். ஒழுங்கை மாற்றி எழுதினால் என்ன நடக்கும் தெரியுமா? ஐந்நூறு லேபலும் குப்பைக்குப் போகும்.

தம்பி: ஐந்நூறா! எங்களிடம் நாற்பதுதான் இருக்கிறது மேடம்.

அன்ரி: போன வருடம் உப்புவெளியில் ஒரு சத்துமாக்காரிக்கு அதுதான் நடந்தது. பார்க்க நன்றாக இருக்கும் என்று கஜுவை முதலில் போட்டுவிட்டாள். கிலோவுக்கு 20 கிராம் கஜு. சுகாதாரப் பரிசோதகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது கஜு மாவா, சத்துமாவா?"

தம்பி: உங்களுக்குத் தெரிந்தவரா மேடம்?

அன்ரி: நன்றாகத் தெரியும். வீட்டுக்கே வந்திருக்கிறார்.

(தம்பி சத்தமில்லாமல் எழுந்துபோய் வாசலில் தொங்கிய "ஏழு நாளில் வெண்மை" அட்டையைத் திருப்பி மாட்டுகிறார்.)

அன்ரி: வாசியுங்கள். குங்குமப்பூ எத்தனையாவது?

தம்பி: அக்குவா, கிளிசரின், பரபின்... மேடம், இதைச் சொல்ல என் பல்லுக்கு வராது. பினொக்சி...

அன்ரி: பினொக்சிஎத்தனோல். அங்கே நில்லுங்கள். (தாளைப் பார்த்து) கிறீம் பழுதாகாமல் இருக்கப் போடுவது. ஐரோப்பாவில் அதை ஒரு வீதத்துக்கு மேல் போட விடமாட்டார்கள். ஆகவே அதற்குப் பின்னால் நிற்பதெல்லாம் அனேகமாக ஒரு வீதத்துக்குள்தான் இருக்கும் என்று பாமசியில் வேலை செய்யும் என் மகள் எழுதித் தந்திருக்கிறாள். இப்போது சொல்லுங்கள், குங்குமப்பூ முன்னாலா, பின்னாலா?

தம்பி: பின்னால்தான். வாசனைக்கும் பின்னால்.

அன்ரி: சந்தனம்?

தம்பி: காணவில்லை மேடம். ஸ்டிக்கரோடு போய்விட்டதோ தெரியவில்லை.

அன்ரி: 50 கிராம் கிறீமில் ஒரு வீதம் என்றால் அரைக் கிராம். ஒரு கிலோ காய்ந்த குங்குமப்பூ எடுக்க ஒன்றரை இலட்சம் பூ வேண்டுமாம். அரைக் கிராமுக்கே எழுபத்தைந்து. அட்டையில் வரைந்திருக்கும் பூக்களை எண்ணினேன் தம்பி, ஒன்பது. உள்ளே அத்தனை இருந்தாலே பெரிய விஷயம்.

தம்பி: அதை எழுதிக்கொள்ளாதீர்கள் மேடம்.

அன்ரி: அடுத்ததை எடுங்கள்.

தம்பி: இது கற்றாழை ஜெல். முதலாவது... அக்குவா.

அன்ரி: அது?

தம்பி: அக்குவா.

அன்ரி: அந்த ஊதாப் போத்தல்?

தம்பி: அதிலும் அக்குவாதான் மேடம்.

அன்ரி: கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது. அங்கேயும் தண்ணீர்தான். ஆனால் ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. இங்கே சூடு விலையில் மட்டும்தான் மாறுகிறது.

(நியாயமாகப் பார்த்தால், கிறீம் என்றாலே எண்ணெயும் தண்ணீரும் கலந்ததுதான். தண்ணீர் முதலில் நிற்பது குற்றமில்லை. ஆனால் அன்ரிக்குச் சூடு ஏறியிருக்கும் நேரத்தில் அதை யார் போய்ச் சொல்வது?)

தம்பி: மேடம், இதைப் பாருங்கள். கொரியா சீரம். "சிக்கா." 4,600 ரூபாய். இதில் குறை கண்டுபிடிக்க முடியாது.

அன்ரி: சென்டெல்லா ஏசியாட்டிகா. இரண்டாவது இடத்திலேயே இருக்கிறது. பரவாயில்லை, சொன்னதைப் போட்டிருக்கிறான். சாறு எவ்வளவு நீர்த்தது என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். இது என்ன செடி தெரியுமா?

தம்பி: கொரியாச் செடி.

அன்ரி: வல்லாரை. காலையில் அதில்தான் சம்பல் போட்டேன்.

தம்பி: அப்படியென்றால் காலையிலேயே 4,600 ரூபாய்க்குச் சாப்பிட்டிருக்கிறீர்கள் மேடம்.

அன்ரி: (சிரிப்பை அடக்கி) இதோ ஒரு பொய்யன். முன்னால் "ஆல்கஹோல் இல்லை." பின்னால் செட்டியரில் ஆல்கஹோல்!

தம்பி: அது சாராயமில்லை மேடம். மெழுகு மாதிரி ஒன்று, கிறீமைத் தடிப்பாக்கப் போடுவது. தோலையும் காய வைக்காது.

அன்ரி: இது மட்டும் எப்படித் தெரியும்?

தம்பி: எங்கள் கடைக்கு முஸ்லிம் ஆட்கள் நிறைய வருகிறார்கள். எல்லோரும் இதைக் கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் வாங்க மாட்டார்கள். அதனால் முதலாளி விசாரித்துச் சொன்னார்.

அன்ரி: பார்த்தீர்களா? கேட்கிறவர்கள் இருந்தால் விடையும் வருகிறது. (தாளில் ஒரு சொல்லை வெட்டுகிறார்.) சரி, வெயிலுக்குப் பூசுவதைக் காட்டுங்கள். மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டு என் முகமும் மிளகாயாகிவிட்டது.

தம்பி: வெயில் காப்பு எண் (SPF) 30 இருக்கிறது, 50 இருக்கிறது. 50 இரண்டு மடங்கு விலை, இரண்டு மடங்கு பாதுகாப்பு.

அன்ரி: 30 என்றால் சுட்டெரிக்கும் கதிரில் 97 வீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. ஒரு வீதத்துக்கு இரண்டு மடங்கு காசா? அதுவும் தடிப்பாகப் பூசினால்தான் அந்தக் கணக்கு. பொட்டு வைப்பதுபோல் தொட்டுவிட்டு வெளியே போனால் இரண்டும் சொன்ன அளவுக்குக் காக்காது. 30 தாருங்கள்.

தம்பி: "தோல் மருத்துவ முறையில் பரிசோதிக்கப்பட்டது" என்றும் போட்டிருக்கிறது மேடம்.

அன்ரி: பரிசோதித்தார்கள். தேறியதா என்று எங்கே போட்டிருக்கிறது?

(வெளியே, நகருக்குள் உலவும் மான்களில் ஒன்று, கடை எறிந்த அட்டைப் பெட்டியை மோந்து பார்க்கிறது. பஸ் நிலையத்துப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும்.)

அன்ரி: பாருங்கள், அதுகூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கிறது. அதென்ன, வாசலில் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்?

தம்பி: அது... ஏழு நாள் கிறீம். நன்றாக ஓடுகிற சாமான். அதில் பட்டியலே இல்லை மேடம். ஒன்றும் கலக்கவில்லை போலிருக்கிறது.

(அன்ரி பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கிறார். இதற்கு அது தேவைப்படவில்லை.)

அன்ரி: எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது இப்படி ஒன்றைத்தான் பூசினாள். வெளுத்தது உண்மை. நிறுத்திய நான்காம் நாள் முகம் கொப்பளித்துச் சிவந்துவிட்டது. இப்படிப் பட்டியல் இல்லாமல் வருகிறவற்றில் பாதரசம் இருக்கலாம், இல்லாவிட்டால் ஸ்டிரொயிட் இருக்கலாம் என்கிறாள் என் மகள். பாதரசம் சிறுநீரகம்வரை போகும். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020உடன் நிறுத்த வேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கையில் உலக நாடுகள் ஒத்துக்கொண்டன. அந்தச் செய்தி உங்கள் வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பெண் வெள்ளையாக வேண்டும் என்று கேட்டது மாப்பிள்ளையின் தாய். அந்த அம்மா என்ன நிறம் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

தம்பி: (சற்று நேரம் கழித்து) என் தங்கச்சியும் ஒன்று எடுத்துக்கொண்டு போனாள்.

அன்ரி: இன்றைக்கே எறியச் சொல்லுங்கள். எனக்குப் பில் போடுங்கள்.

தம்பி: உங்கள் அலுவலகத்தின் பெயருக்கா மேடம்?

அன்ரி: எந்த அலுவலகம்?

தம்பி: நீங்கள்... பரிசோதனைக்கு வந்தவர் இல்லையா?

அன்ரி: பரிசோதனையா? அந்தச் சத்துமாக்காரியே நான்தான் தம்பி. லேபலை வாசித்தால் ஆபீசர் என்றா நினைப்பது? (பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து மேசையில் வைக்கிறார்.) முதலாளி வந்ததும் காட்டுங்கள். காசு வாங்கும் இடத்தில் பத்துப் பை வைத்தால் போதும்.

தம்பி: (நிம்மதியாக மூச்சுவிட்டு) ஒன்றரை மணித்தியாலம் வயிற்றைக் கலக்கிவிட்டீர்களே அன்ரி!

(தம்பி பொதியைக் கையில் எடுக்கிறார். முன்பக்கத்தைப் பார்க்கிறார். திருப்புகிறார். பூதக்கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.)

தம்பி: அன்ரி.

அன்ரி: என்ன?

தம்பி: விலை ஸ்டிக்கர்.

அன்ரி: அதற்கென்ன?

தம்பி: பட்டியலுக்கு மேலே ஒட்டியிருக்கிறீர்கள்.

அன்ரி: (வாங்கிப் பார்த்து) அது... அந்த இடம்தான் வெறுமையாகத் தெரிந்தது.

தம்பி: பரவாயில்லை அன்ரி. அங்கே ஒன்றுமில்லை. பொடி எழுத்து.

அன்ரி: சுரண்டுங்கள் தம்பி, சுரண்டுங்கள். கஜு கடைசியில்தான் இருக்கிறது.