பஞ்சத்தில் படைக்குப் போனவர்களைத் துரோகி என்பது எந்த நியாயம்?

கடந்த வாரம், பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து உலகப் போருக்குப் போனவர்களுக்காக எங்கள் ஊரில் வைத்த போர்க் கல்வெட்டுக்கு மாலை அணிவித்த பிறகு மேடையில் பேசப்பட்டதை நீங்கள் அனைவரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். "வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்ட துரோகிகளுக்கு எதற்கு மாலை?" என்று கேட்டவர் படித்தவர், வரலாறு தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். அதற்குக் கூட்டம் கை தட்டியதுதான் என்னை அதிகமாகப் புண்படுத்தியது. இத்தனைக்கும் அந்தக் கல்லில் ஒருவருடைய பெயர்கூட இல்லை. ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். 74,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். 1914இல் ஒரு சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். மழை பொய்த்த ஊரில், கடனில் மூழ்கிய வீட்டில், அந்த 11 ரூபாய் என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்க முடியாதவர்கள் அவர்களைத் துரோகிகள் என்று சொல்லக் கூடாது.

அன்றைக்குத் தலைவர்களே என்ன சொன்னார்கள்? 1918இல் காந்தியடிகள் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று படைக்கு ஆள் சேர்த்தார். போருக்கு உதவினால் தன்னாட்சி கிடைக்கும் என்று பலரும் நம்பினார்கள். 1919இல் கிடைத்தது, விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் சட்டம். தலைவர்களே நம்பி ஏமாந்த இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத உழவன் மட்டும் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டுமா?

என் அம்மாவின் அப்பா 1942இல் படையில் சேர்ந்து பர்மா எல்லையில் சாலை போடும் பிரிவில் இருந்தவர். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று சிறுவர்களாகிய நாங்கள் கேட்போம். பாலம் கட்டினோம், மழை அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடியும் கட்டினோம், பாதிப் பேருக்கு மலேரியா என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்த அவருடைய பெரியப்பா மகன் நேதாஜியின் படையில் சேர்ந்தவர். இருவரும் ஊர் திரும்பிய பிறகு ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் வெற்றிலை போட்டார்கள். ஒருவர் மற்றவரைத் துரோகி என்று சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"இந்திய தேசிய இராணுவத்தினர்தானே உண்மையான வீரர்கள்?" என்று உடனே கேட்பீர்கள். வீரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படை எங்கிருந்து வந்தது? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதான இந்தியச் சிப்பாய்களே அதன் தொடக்கம். அந்தப் படையில் சேர்ந்ததற்காக டெல்லி செங்கோட்டையில் நடந்த வழக்கில் நின்ற ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் அதே பிரிட்டிஷ் இந்தியப் படையின் அதிகாரிகளாக இருந்தவர்கள். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கிளர்ந்தெழுந்த கடற்படையினரும் அந்த அரசிடம் சம்பளம் வாங்கியவர்களே.

ஜாலியன்வாலா பாகில் சுட்டது யார் என்பீர்கள். இந்தியச் சிப்பாய்கள்தான், அந்தப் பாவத்தை நான் கழுவ வரவில்லை. 1930இல் பெஷாவரில் மக்கள் மீது சுட மறுத்துச் சிறை சென்ற கார்வால் படைப்பிரிவுச் சிப்பாய்களை வணங்குகிறேன். ஆனால் சுட்டவர்களின் பழியை இத்தாலியில் மாண்டவன் தலையிலும் ஏன் சுமத்துகிறீர்கள்? 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காத்து உயிர்விட்டாரே மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையின் சுபேதார் சுப்பிரமணியன், அவரையும் துரோகி என்பீர்களா? ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் அரசின் உயரிய வீரப் பதக்கம் பெற்ற அந்தத் தமிழரின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

ஆள் சேர்த்துக் கொடுத்தும் போர் நிதி திரட்டியும் வெள்ளைக்கார அரசிடம் ராவ் சாகிப், ராவ் பகதூர் பட்டம் வாங்கியவர்கள் இந்த மாகாணத்தில் இருந்தார்கள். அவர்கள் யாரும் பதுங்கு குழியில் படுக்கவில்லை. துரோகத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் பேசலாம். ஆனால் பட்டம் வாங்கியவர்களிடமிருந்து தொடங்குங்கள், 11 ரூபாய் வாங்கியவர்களிடமிருந்து அல்ல.