இரண்டு மணி நேரம்தானா என்று கேட்கிறவர்களுக்கு

எனக்குப் பிடித்த ஒரு வீடியோ கேமைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் போதும், "அதில் சண்டை உண்டா? எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று கேட்கிறார்கள், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றால், "சும்மா நடப்பதற்கா இவ்வளவு காசு?" என்று பேச்சையே வெட்டிவிடுகிறார்கள். காய்கறியை எடை போடுவதுபோல ஒரு படைப்பை மணிக்கணக்கில் நிறுப்பவர்களைக் கண்டு எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. இத்தகைய விளையாட்டுகளுக்கு, வெறுமனே நடக்க வைப்பவை என்ற பொருளில் 'வாக்கிங் சிமுலேட்டர்' என்ற ஏளனப் பெயர் வேறு! 2012இல் வெளியான, ஒரு தீவில் நடந்தபடியே கதை கேட்கும் 'டியர் எஸ்தர்' விளையாட்டு கைக்குப் போதிய வேலை தரவில்லை என்று யாராவது குறை சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால், அது விளையாட்டே அல்ல என்று தள்ளிவைப்பதை என்னால் ஏற்க முடியாது.

2017இல் வந்த 'வாட் ரிமெயின்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்' விளையாட்டில், லூயிஸ் என்ற இளைஞன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். அவனாக ஆடும் நாம், கையிலுள்ள கன்ட்ரோலரில் வலது கட்டைவிரலால் ஒவ்வொரு மீனாக இழுத்து, வெட்டுக் கத்திக்குக் கொடுத்து, தலை துண்டானதும் அப்பால் தள்ள வேண்டும். சிறிது நேரத்தில் அவனுடைய பகற்கனவு திரையின் ஓரத்தில் முளைக்கிறது. அங்கே உலவும் உருவத்தை இடது கட்டைவிரலால் நடத்திச் செல்ல வேண்டும். அந்தக் கனவு ஊராகி, நாடாகி, திரை முழுவதையும் விழுங்கிய பிறகும் வலது கை தன்பாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டே இருக்கிறது. உடலை வேலையிடத்தில் விட்டுவிட்டு ஒரு மனிதன் எப்படி வெளியேறிப் போகிறான் என்பதை என் விரல்களே எனக்கு உணர்த்தின. "யூடியூபில் பார்த்துவிட்டேனே, அது போதாதா?" என்கிறவர்களே, போதாது! நீங்கள் பார்த்தது மீனை மட்டும்தான். வெட்டிய கை உங்களுடையது அல்ல.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கணினியில் ஓடாத விளையாட்டை வாங்கி ஏமாந்தவருக்கு அது நியாயமான விதி. ஆனால், பாயசம் வரை உண்டு இலையை மூடிவிட்டுச் சாப்பாட்டுக் காசைத் திருப்பிக் கேட்பதுபோல, சிறு குழுவொன்று ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய குறுவிளையாட்டைக் கடைசிக் காட்சி வரை ஆடிவிட்டுப் பணத்தைப் பிடுங்குகிறவர்களுக்குக் கூச்சமே கிடையாதா?

நான் பரிந்துரைத்த அத்தகைய விளையாட்டு ஒன்றை முடித்த நண்பர், கடைசிக் காட்சியில் கண் கலங்கிவிட்டது என்று மனம் விட்டுச் சொன்னார்; அடுத்த மூச்சிலேயே, நேரம் இரண்டு மணியைத் தாண்டாததால் பணம் திரும்பி வந்துவிட்டது என்றும் பெருமையாகச் சொன்னார். போன வாரம் அவரே என்னை அழைத்து, அதைப்போல வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார். நான் எதையும் சொல்லவில்லை.