விற்கிறவனுக்கு என்ன பயம்?

பழைய போன் வாங்கப் போகிறவனுக்கு நம்மூரில் ஆயிரம் பேர் புத்தி சொல்வார்கள். டிஸ்ப்ளே மாத்தியிருக்கானா பாரு, பேட்டரி உப்பியிருக்கா பாரு, பில் கேளு, திருட்டுப் போனா இருந்துடப் போகுது. விற்கப் போகிறவனுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. பொருள் நம் கையில் இருக்கிறது, காசு நம்மைத் தேடி வருகிறது, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்ற நினைப்புதான்.

என் கருத்து நேர் எதிர். ஆன்லைனில் பழைய போன் கைமாறும்போது மாட்டிக்கொள்ள அதிக வழி இருப்பது விற்கிறவனுக்குத்தான். வாங்குகிறவன் காசு கொடுப்பதற்கு முன்னால் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். விற்கிறவன் பார்த்து வாங்க வேண்டியது பணத்தை. அது இப்போது நோட்டாக வருவதில்லை, திரையில் ஒரு பச்சை டிக்காக வருகிறது. அந்த டிக்கை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம்.

ஓஎல்எக்ஸிலோ முகநூல் மார்க்கெட்பிளேஸிலோ போன் விளம்பரம் போட்டவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். "ப்ரோ இருக்கா?" "லாஸ்ட் ப்ரைஸ்?" "பாதி காசு, பாதிக்கு என் பழைய போன், ஓகேவா?" பதினெட்டாயிரம் என்று போட்டிருந்தால் ஒருத்தர் கூச்சமே இல்லாமல் ஒன்பதுக்குக் கேட்பார். பேட்டரி எத்தனை பெர்சன்ட், கீழே விழுந்திருக்கா, ஸ்க்ரூ கழட்டியிருக்கா என்று குடைவார். நாளைக்கு வருகிறேன் என்பார், வரமாட்டார். எரிச்சல்தான். ஆனால் இப்படி எரிச்சலூட்டுகிறவர்களில்தான் நிஜமாக வாங்கப்போகிறவர் இருக்கிறார்.

அந்த எரிச்சலுக்கு நடுவில் ஒருத்தர் வருவார். மரியாதையாகப் பேசுவார். விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லமாட்டார். போனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார். "இப்பவே பேமென்ட் பண்ணிடறேன் சார், விளம்பரத்தை எடுத்துடுங்க" என்பார். அப்பாடா, ஒரு நல்ல மனுஷன் கிடைத்தார் என்று தோன்றும் பாருங்கள், அந்த இடத்தில் நிற்கணும். நம் ஊரில் பேரம் பேசாமல் பழைய பொருள் வாங்குகிறவர் யார்? கத்தரிக்காய்க்கே ரெண்டு ரூபாய் குறைக்கிற ஜனம் நாம்.

இந்த 'நல்ல மனுஷர்' பல வருஷமாகப் போட்டுவரும் வேஷம் ராணுவ வீரர். எனக்கு இந்த ஊரில் போஸ்டிங், வெளியே வர முடியாது, ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன் என்பார். சீருடை போட்ட படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். பாதி ஏற்கெனவே ஏமாந்த யாரோ ஒரு ஜவானுடைய அட்டையாக இருக்கும், மீதி ஃபோட்டோஷாப். அப்புறம், "எங்க அக்கவுன்ட் வேற மாதிரி சார், முதல்ல நீங்க ஒரு ரூபா அனுப்பணும், உடனே ரெண்டு ரூபா வரும்" என்பார். நிஜமாகவே வரும். அதற்குப் பிறகு ஒரு கியூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பதினெட்டாயிரம் வரும் என்பார். போட்டால் பதினெட்டாயிரம் போகும்.

யுபிஐ 2016இல் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் இந்த வித்தை பலிப்பதற்குக் காரணம் ஜனங்களின் பேராசை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் பொருளுக்குத் தானே வைத்த விலையைக் கேட்பதில் என்ன பேராசை? கடையில் தினமும் கியூஆர் பார்க்கிறோம், ஸ்கேன் செய்கிறோம், பின் போடுகிறோம். கை அதற்குப் பழகிவிட்டது. பணம் எந்தப் பக்கம் போகிறது என்று அந்த நொடியில் மூளை கேட்பதில்லை. பணம் பெறுகிறவனுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஒரு யுபிஐ ஐடியைக் கொடுத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே பணம் வந்து சேரும். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' வசதியை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. நல்ல காரியம், தாமதமாக நடந்தது. அதனால் ஒரு கதவு மூடியிருக்கிறது. கியூஆர் கதவு திறந்தேதான் இருக்கிறது.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட். பணம் போட்டது போலவே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. பெயர், தொகை, நேரம், பரிவர்த்தனை எண், அந்த 'டிங்' சத்தம் வரைக்கும் அச்சு அசலாக இருக்கும். கூடவே உங்கள் எண்ணுக்கு "உங்கள் கணக்கில் வரவு" என்று ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரும். அனுப்பியது யார் என்று மேலே பாருங்கள். வங்கியின் செய்தி எழுத்துகளாலான பெயரில்தான் வரும், இப்போதெல்லாம் அதன் கடைசியில் எஸ் அல்லது டி என்று ஒரு எழுத்தும் ஒட்டியிருக்கும். பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து எந்த வங்கியும் வரவுச் செய்தி அனுப்பாது. எஸ்எம்எஸ்ஸையே நம்பாமல் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்ப்பது இன்னும் நல்லது. "சர்வர் ஸ்லோ சார், அரை மணி நேரத்துல ஏறிடும்" என்றால், அந்த அரை மணி நேரமும் போன் உங்கள் பையில் இருக்கட்டும்.

இங்கே பலரும் யோசிக்காத ஒரு சிக்கல் உண்டு. விற்கப்போகிறோமே என்று போனைச் சுத்தமாக அழித்து, சிம்மைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். வங்கிச் செயலி இருந்ததே அந்தப் போனில்தான். வாங்குகிறவர் பணம் போட்டேன் என்று காட்டும்போது சரிபார்க்க நம்மிடம் எதுவும் இருக்காது. புதுப் போனில் சிம்மைப் போட்டு, வங்கிச் செயலி, யுபிஐ எல்லாம் அதில் ஓட ஆரம்பித்த பிறகுதான் பழையதை விற்கக் கிளம்பணும். புதுப் போன் இன்னும் வாங்கவில்லை, இதை விற்ற காசில்தான் வாங்கணும் என்கிற நிலைமையா? அப்போது ரொக்கம்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஓரளவு எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு நிஜமாகவே பயமாக இருப்பது முக்கோண மோசடி.

நீங்கள் பதினெட்டாயிரத்துக்கு விளம்பரம் போடுகிறீர்கள். எங்கேயோ இருக்கும் ஒருத்தன் உங்கள் படங்களை அப்படியே எடுத்து வேறு பெயரில் பதினோராயிரத்துக்குப் போடுகிறான். விலை குறைவு என்று ஒரு அப்பாவி அவனைக் கூப்பிடுகிறார். அவரிடம் இவன், "போன் என் தம்பிகிட்ட இருக்கு, நேர்ல போய் பாத்துக்கங்க. விலையை மட்டும் அவன்கிட்ட பேசாதீங்க, அவனுக்குத் தெரியாம குறைச்சுத் தரேன்" என்கிறான். உங்களிடம், "என் மச்சான் வந்து பார்ப்பார், காசு நான் போடறேன். அவர்கிட்ட விலை பேசாதீங்க, எங்களுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு" என்கிறான். வந்தவர் போனைப் பார்க்கிறார், பிடித்துப்போகிறது, அவனுக்குப் பதினோராயிரம் போட்டுவிடுகிறார். உங்களுக்கு ஒரு போலி ஸ்கிரீன்ஷாட் வருகிறது, அல்லது அதுவும் வருவதில்லை. தெருவில் நின்று நீங்கள் அவரைத் திருடன் என்கிறீர்கள், அவர் உங்களைத் திருடன் என்கிறார். திருடனின் போன் ஸ்விட்ச் ஆஃப். பழைய பைக், கார் விற்பனையில் தேய்ந்துபோன இந்த வித்தை போனுக்கும் வந்துவிட்டது.

இதை உடைக்க ஒரே கேள்வி போதும். நேரில் வந்தவரிடம், "எவ்வளவுக்குன்னு சொன்னாங்க, யாருக்குக் காசு போடப்போறீங்க?" என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். விலை பேசாதே என்று யார் சொன்னாலும் கட்டாயம் பேசுங்கள்.

இதில் இன்னொரு ரகம் இருக்கிறது. அதில் பணம் நிஜமாகவே உங்கள் கணக்குக்கு வந்துவிடும். பதினெட்டாயிரம், சுத்தமாக, வங்கிச் செயலியிலேயே தெரியும். பைக் டாக்ஸி பார்சல்காரர் வந்து போனை வாங்கிப் போவார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் பிழைப்பு அது. சில நாள் கழித்து ஏடிஎம்மில் பணம் வராது. வங்கியில் கேட்டால் சைபர் கிரைம் புகார், கணக்கு முடக்கம் என்பார்கள். என்ன நடந்தது? பகுதி நேர வேலை என்றோ பங்குச்சந்தை என்றோ எந்த ஊரிலோ ஒருவரை ஏமாற்றி, அவரை உங்கள் கணக்குக்கே பணம் போட வைத்திருக்கிறான், உங்களிடம் போன் வாங்கியவன். அவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் புகார் கொடுத்தார். காசு போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் முதல் ஆள் நீங்கள். திருடியவனிடம் இருப்பது உங்கள் போன், அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

இப்படி முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி வங்கிக்கும் வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கும் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும் நாட்களில் வீட்டு லோன் தவணை காத்திருக்காது. அதனால் பணம் வந்ததா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. யாரிடமிருந்து வந்தது என்றும் பார்க்கணும். எதிரில் நிற்பவரின் பெயரும் பணம் அனுப்பியவரின் பெயரும் ஒன்றாக இருக்கணும். அவர் கைபேசியிலிருந்து, நம் கண் முன்னால் வரணும். "ஃப்ரெண்ட் போடுவான்", "ஆபீஸ் அக்கவுன்ட்ல இருந்து வரும்" என்றால் மன்னிக்கணும் தம்பி, ஏடிஎம்ல எடுத்துட்டு வாங்க.

நான் இந்த விஷயத்தில் பழைய காலத்து ஆள், ரொக்கத்தின் பக்கம். பணம் போடும் இயந்திரம் இருக்கும் வங்கிக் கிளைக்கு வரச் சொல்லலாம். நோட்டை அங்கேயே போட்டுவிட்டால் கள்ள நோட்டுக் கவலையும் தீர்ந்தது, மேலே கேமராவும் இருக்கிறது. வீட்டுக்கு வரச் சொல்வது, இரவு எட்டு மணிக்கு மேம்பாலத்துக்கு அடியில் சந்திப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனோடு நகர்ந்தால் கூடவே நடங்கள். திரும்பி வருவது அதே மாடலின் செத்த போனாக இருக்கலாம்.

வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். இந்த ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) உள்ள போனை, இந்தத் தேதி, இந்த நேரத்தில், இவ்வளவு ரூபாய்க்கு இவருக்கு விற்றேன். அவ்வளவுதான், கூட அவருடைய அடையாள அட்டையின் ஒரு படம். நேரத்தை எழுதுவது முக்கியம். அந்தப் போனிலிருந்து நாளை யாராவது மிரட்டல் விடுத்தால், பழைய பில்லில் இருக்கும் பெயர் உங்களுடையது. *#06# அழுத்தினால் வரும் அந்த 15 இலக்க எண்ணை வாங்குகிறவர் கேட்டால் நேரில் காட்டுங்கள். அவர் 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பியோ அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ சரிபார்க்கட்டும், அது அவர் உரிமை. விளம்பரப் படத்தில் மட்டும் அந்த எண்ணும் பில்லும் தெரியக் கூடாது.

போனை அழிப்பது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ரீசெட் செய்வதற்கு முன்னால் கூகுள் கணக்கையும், ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கையும் வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் போனைத் திறக்க முடியாமல் ராத்திரி கூப்பிட்டுப் பாஸ்வேர்டு கேட்பார். நல்லவராகவே இருந்தாலும் பாஸ்வேர்டோ ஓடிபியோ சொல்லக் கூடாது, போனை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இ-சிம் இருந்தால் புதுப் போனுக்கு மாற்றிவிட்டு அழியுங்கள். மெமரி கார்டை எடுக்க மறப்பவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு பாடு எதற்கு, எக்சேஞ்சில் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போன் எட்டாயிரத்துக்குக் கீழே என்றால் நானும் அதையேதான் சொல்வேன். வீட்டுக்கு வந்து எடுக்கும் நிறுவனங்கள் செயலியில் ஒரு விலை காட்டி வாசலில் வேறு விலை சொல்வது வழக்கம்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரும் ரெண்டாயிரம் மூவாயிரம் குறைத்துத்தான் கேட்பார். ஆனால் அவருக்குக் கடை என்று ஒன்று இருக்கிறது, நாளைக்கும் அங்கேயே இருப்பார்.

விளம்பரத் தளங்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஒரே படம் ரெண்டு கணக்கில், ரெண்டு விலையில் வந்தால் கண்டுபிடிப்பது அவர்களுக்கு அவ்வளவு கஷ்டமா? நான் செருப்பு தேடியது தெரிந்து மூன்று வாரம் செருப்பாகவே காட்டுகிறவர்களுக்கு இது தெரியாதா? "எச்சரிக்கையாக இருங்கள்" என்று சாட்டுக்கு மேலே மஞ்சளில் ஒரு வரி போட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 1930. திருடன் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்கு முன்னால் தடுத்தால்தான் உண்டு. சாட், எண், பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். கணக்கு முடங்கியவர்கள் விளம்பரத்தின் படம், சாட், அந்த நாலு வரிக் காகிதம் எல்லாவற்றையும் சேர்த்து வங்கியிடமும் புகார் பதிவான காவல் நிலையத்திடமும் எழுத்தில் கொடுக்கணும்.

கமென்ட்டில் உங்களுக்குத் தெரிந்த புது வித்தைகளை எழுதுங்கள். "லாஸ்ட் ப்ரைஸ் எவ்வளவு" என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள், நான் எதையும் விற்கவில்லை.