அஞ்சல்வழிப் பட்டமும் பேட்டைப் பட்டறையும்

நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கங்களில் பீடி சுற்றும் வீடொன்றில் அஞ்சல்வழியில் பட்டம் பெற்ற பெண் இருப்பது இன்று அதிசயமில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பாடக்கட்டுகள் தபாலில் வந்த காலத்திலும், 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவான பின்னரும், கல்லூரிக்குப் போக வழியில்லாதவர்களுக்கு இந்தக் கல்விதான் கைகொடுத்தது. ‘கரஸ்தானே’ (கரஸ்பாண்டென்ஸ், அதாவது அஞ்சல்வழிதானே) என்று அதை இளக்காரமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் பட்டம் வாங்கிய பிறகும் அவள் மடியில் பீடி சுற்றும் சுளகோடுதான் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், தொலைநிலையில் நாம் எதைக் கற்பிக்கிறோம் என்று கேட்டாக வேண்டும்.

வரலாற்றையும் வணிகவியலையும் வீட்டிலிருந்தே படித்துவிடலாம். பொறியியலையும் செவிலியர் படிப்பையும் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. கம்பியைத் தொடாமல் மின்பணி கற்க முடியாது என்பதால் அந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தடையோடு, கைத்தொழிலை எப்படிக் கற்பிப்பது என்ற பேச்சும் நின்றுபோனதுதான் வருத்தம். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் சூரிய மின்கலத் தொழிற்சாலை வந்திருக்கிறது, ராதாபுரம் வட்டாரமெங்கும் காற்றாலைகள் சுழல்கின்றன. அங்கே கேட்பது கைத்திறனும் அதற்கொரு சான்றிதழும்.

இத்தனைக்கும் வழி பாதி திறந்தே இருக்கிறது. பட்டறையில் வேலை பார்த்து அனுபவம் பெற்றவர்கள், ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேராமலே, தனித்தேர்வராகத் தொழிற்தேர்வு எழுதித் தேசிய தொழிற்சான்றிதழ் பெறலாம். அம்பாசமுத்திரத்தில் மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் ஒருவருக்குச் செய்முறைத் தேர்வு பெரிதில்லை. எழுத்துத் தேர்வில்தான் அவர் திணறுவார். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவசப் பாடங்கள் உண்டு என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவருக்குத் தேவையான பாடத்தைத் தமிழில் தொலைநிலை வழியே தரலாம். பீடித் தொழிலை விட்டு வெளியேற நினைக்கும் பெண்ணின் நிலை இதற்கு நேர்மாறு. அவளுக்குப் பாடம் எளிது, கருவியைத் தொட்டுப் பழகத்தான் இடமில்லை.

ஆலங்குளத்திலிருந்து வரும் பேருந்து அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, பேட்டை வழியாகத்தான் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகிறது. பாடம் நடத்தத் தெரிந்தவர்கள் அபிஷேகப்பட்டியிலும், பட்டறையும் அதைப் பழக்குபவர்களும் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யிலும் இருக்க, ஒன்று உயர்கல்வித் துறையின் கீழும் மற்றொன்று தொழிலாளர் நலன், திறன் மேம்பாட்டுத் துறையின் கீழும் இருப்பதால், இரண்டையும் சேர்த்து ஒரே படிப்பாக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதே தெளிவில்லாமல் கிடக்கிறது. (கோப்புகளும் இதே பேருந்தில் வந்தால் நன்றாயிருக்கும்.) பாடத்தைத் தொலைநிலையிலும் செய்முறையை ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ.டி.ஐ. பட்டறையிலும் நடத்தும் ஒரு கூட்டுப் படிப்புக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

தேவைப்படும் பணம் வேறொன்றுக்கு. பீடிக்கு எண்ணிக்கைப்படிதான் கூலி. ஒரு நாள் வகுப்புக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். கட்டணச் சலுகை மட்டும் அறிவித்தால் அவள் வரமாட்டாள். வகுப்பு நாளின் கூலியையும் பேருந்துச் செலவையும் உதவித்தொகையாகக் கையில் கொடுக்க வேண்டும். திட்டம் வகுப்பவர்கள் முதல் வரியில் எழுத வேண்டிய தொகை அதுதான்.