எல்&டி கடன் கணக்குல ஒரு திருத்தம்

அண்ணா, மேல நீங்க எல்&டி-க்கு (லார்சன் அண்ட் டூப்ரோ, கட்டுமான கம்பெனி) 1 லட்சம் கோடிக்கு மேல கடன், வருஷ லாபமோ 15 ஆயிரம் கோடி, அதனால கம்பெனி முழுகப்போவுதுன்னு போட்டிருக்கீங்க. 2024-25 கணக்குப்படி நம்பர் சரிதான், ஆனா அர்த்தம் தப்புங்க. அது கன்சாலிடேட்டட் கணக்கு, அதாவது துணைக் கம்பெனிங்களையும் சேர்த்த கணக்கு, அதுல லோன் குடுக்கிற துணைக் கம்பெனியான எல்&டி ஃபைனான்ஸ் வாங்குன கடனும் சேர்ந்துதான் வரும், பெரும்பங்கே அதான். டிராக்டர் லோன், பைக் லோன், கிராமத்துல பொம்பளைங்க குழுக் கடன்னு அவங்க குடுக்கிற பணமே வெளிய வாங்கித்தான் குடுக்கறாங்க. நம்ம லாங் பஜார்ல அடகுக்கடை வெச்சிருக்கறவரு பேங்க்ல 10 லட்சம் வாங்கி நகை மேல வெளிய விட்டிருந்தா அவரை கடனாளின்னு சொல்லுவோமா? பெட்டியில நகை இருக்குதே.

கட்டுமான வேலைய தனியா பாக்கணும்னா துணைக் கம்பெனிங்கள சேர்க்காத ஸ்டாண்டலோன் பேலன்ஸ் ஷீட்ட பாருங்க, அதுல கடன் ரொம்ப கம்மி. துணைக் கம்பெனிங்களையும் சேர்த்து 2024-25ல மொத்த வருமானம் சுமார் 2.55 லட்சம் கோடி, மார்ச் 2025ல கையில இருந்த ஆர்டர் 5.79 லட்சம் கோடி.

இன்னொண்ணு, பள்ளிகொண்டா டோல் வசூல வெச்சுதான் கம்பெனி ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த டோல் இருக்கிற கிருஷ்ணகிரி - வாலாஜா ரோட்ட நடத்துற கம்பெனி 2018லயே இன்ஃபிரா டிரஸ்ட்டுக்கு (ரோடு மாதிரி சொத்துங்கள வெச்சிருக்கிற முதலீட்டு அமைப்பு) கைமாறிடுச்சுங்க.

எல்&டி கட்டுன ஹைதராபாத் மெட்ரோ ரயில் நஷ்டம் பத்தி நீங்க சொன்னது மட்டும் நியாயம், அந்த கடன் பல வருஷம் நெஜமாவே பாரமாத்தான் இருந்துச்சு. இத படிச்சிட்டு நம்மூர் பசங்க பயந்து ஷேர வித்துடப் போறாங்கண்ணா, தயவுசெஞ்சு போஸ்ட்ட திருத்திடுங்க.